சேவலா பொட்டையா

விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பொம்பளை வீட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கையில் துடைப்பக் குச்சியோடு கோழி எச்சத்தைக் கிளறிக்கொண்டிருந்தால் அவளைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? என் வீட்டுக்காரரும் அதைத்தான் நினைத்தார்.

பல் விளக்கிக்கொண்டே வந்தவர் வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டு, "இன்னாடி தேடற? கம்மலத் தின்னுட்ச்சா?" என்றார்.

"கம்மல் காதுலதான் இர்க்குது. இங்க வந்து பாருங்க. இது தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருக்குதா, ஜாங்கிரி மாதிரி சுத்திக்கினு இர்க்குதா?"

குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். "கோயிப் பீ மாதிரி இர்க்குது" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார்.

அவருக்கு என்ன? ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனால் கவலை முடிந்தது. எனக்கு அப்படியா? ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த நாலு வான்கோழிகளில் எது சேவல், எது பொட்டை என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். கட்டிக்கொடுத்த என் மகளின் நல்ல பேர் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேவல் வான்கோழியின் எச்சம் ஒரு பக்கமாக வளைந்து விழும், பொட்டையினுடையது சுருண்டு விழும் என்று செல்போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். சொன்னவர் கோட்டு போட்டிருந்தார். நம்பினேன். அவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நாலும் ஒரே இடத்தில் படுத்து எழுந்தால், எந்த எச்சம் எந்தக் கோழியுடையது?

அதற்காகத்தான் காவல் உட்கார்ந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தவரை நாலில் ஒன்றும் போகவில்லை. டீ கொதிக்கிறதே என்று அடுப்படிக்குப் போய்வந்தேன். அந்த நேரத்தில் நாலும் போயிருந்தன.

பாம்புக்குப் பயந்து

எங்கள் குளியலறையில் பாம்பு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒருவர், அது நல்ல பாம்பா சாரையா என்று கேட்டிருக்கிறார். ஐயா, நின்று விசாரிக்கிற நிலையிலா நான் இருந்தேன்?

திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரும்புத் தோட்டம். கரும்பு வெட்டும்போது எலி ஓடிவரும். எலிக்குப் பின்னால் அது வரும். வான்கோழி இருக்கிற இடத்தில் பாம்பு அண்டாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, பயந்தவளுக்கு அது போதும்.

அரக்கோணத்தில் கரீம் பாய் என்று ஒரு மெக்கானிக். எங்கள் ஆட்டோவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவரிடம்தான் போகும். ஷெட்டுக்குப் பின்னால் அவர் வான்கோழி வளர்க்கிறார். அவரிடம் முட்டை வாங்கி வந்து எங்கள் நாட்டுக்கோழியை அடை உட்கார வைத்தேன்.

நாட்டுக்கோழி முட்டை என்றால் மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும். வான்கோழி முட்டைக்கு நாலு வாரம். மூன்று வாரம் முடிந்ததும் அந்தக் கோழி எழுந்து நின்று முட்டைகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கையில் நொய்யை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான் தாயே" என்று கெஞ்சி உட்கார வைத்தேன்.

வான்கோழிக் குஞ்சைப்போலச் சாவுக்கு அவசரப்படும் உயிரை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் நனைந்தால் செத்துப்போகும். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து செத்துப்போகும். தீனி எதிரிலேயே இருக்க, அது தீனி என்று தெரியாமல் பட்டினியில் செத்துப்போகும். ஒவ்வொன்றையும் பிடித்து மூக்கால் தீனியைத் தொட வைத்துப் பழக்கினேன். கடைசியில் தங்கியது நாலு.

அந்த நாலும் தங்கியதே பெரிது என்று நிம்மதியாக இருந்தேன். நிம்மதியாக இருந்தால் எனக்குப் பொறுக்காதே.

ரெண்டு குடுங்க வதினா

என் மகள் பவித்ராவைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருக்கிறோம். தறி ஓட்டும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மாப்பிள்ளை மோகன் அதிர்ந்து பேசாதவர். சம்பந்தியம்மா சரோஜா என்னை வதினா என்றுதான் கூப்பிடுவார். அண்ணி முறை. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத இடம். குறை இல்லாத இடத்தில்தான் எனக்குப் பயம் அதிகம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. விசேஷம் ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கேட்காதவரிடம் என்ன சொல்வது? பாத்திரம் விளக்கும்போதும் துணி உலர்த்தும்போதும், அவர் கேட்காத கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் அவரே போன் செய்தார்.

"வதினா, தறி ஷெட்டாண்ட பாம்பு ஒண்ணு வந்துகினு போய்கினு இர்க்குது. நீங்க வான்கோயி வளக்கறீங்கன்னு பவி சொல்ச்சி. கிருத்திகைக்கு மலைக்கு வரோம்ல, அப்ப ரெண்டு குடுங்க வதினா."

"ஆங், அதுக்கென்னங்க. தாராளமா எடுத்துகினு போங்க" என்றேன். போனை வைத்ததும் நேராகப் பின்பக்கம் போய் நாலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஏனென்றால் எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பெற்ற வீட்டிலிருந்து அவள் வாழும் வீட்டுக்கு உயிருள்ளது எது போனாலும் ஜோடியாகத்தான் போகவேண்டும். ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஆணின் தலையில் குங்குமம், பெண்ணின் காலில் மஞ்சள். போன இடத்தில் அது குஞ்சும் குட்டியுமாகப் பெருகினால் நம் பெண்ணின் வயிறும் நிறையும் என்பார்கள். ஜோடி தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்கள் வாயாலேயே சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது மணவூரிலிருந்து அம்மா ஒரு ஜோடி ஆட்டுக்குட்டி கொடுத்தனுப்பினாள். ஆட்டுக்குட்டியில் என்ன குழப்பம்? தூக்கிப் பார்த்தால் தெரிந்துபோகும். வாத்து என்றால் குரலில் தெரிந்துவிடும். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் நேர்மையான பிராணிகள். இந்த வான்கோழிதான் மாதக்கணக்கில் ஆணும் பெண்ணும் ஒரே மூஞ்சி, ஒரே கழுத்து, ஒரே கத்தலாக நம் எதிரில் மேய்ந்துகொண்டு திரியும்.

"ரெண்டு கேட்டாங்க, ரெண்டு குடு. அதுக்கு ஏன் மூஞ்ச இப்படி வெச்சிகினு இர்க்கற?" என்றார் வீட்டுக்காரர்.

அவரைப்போல் இருக்க என்னால் முடியாது. சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். மணவூரில் பள்ளிக்கூடம் போகத் தண்டவாளம் தாண்டவேண்டும். ரயில் வராத நேரத்திலும் எனக்கு ரயில் வரும் சத்தம் கேட்கும். எட்டாவதோடு நின்றுவிட்டேன். "அவ ஃபெயிலாயி நிக்கல. ரயிலுக்குப் பயந்துகினு நின்னா" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆளுக்கொரு வழி

கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு வழி இருந்தது.

வீட்டுக்காரர் வழி: காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவேண்டும். தலையை மேலே நிமிர்த்தினால் சேவல், தொங்கவிட்டால் பொட்டை. தூக்கினார். முதலில் நிமிர்த்தியது. பிறகு தொங்கவிட்டது. பிறகு மறுபடி நிமிர்த்தி அவர் கையைக் கொத்தியது. "இது சேவல்தான். ரோஷம் இர்க்குது பாரு" என்றார். ரோஷத்துக்கும் சேவலுக்கும் என்ன சம்பந்தம்? அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் நான்தான் சேவல்.

பக்கத்து வீட்டுக் கோட்டீஸ்வரி வழி: மோதிரத்தை நூலில் கட்டிக் கோழியின் முதுகுக்கு மேலே பிடிக்கவேண்டும். வட்டமாகச் சுற்றினால் பொட்டை, ஊஞ்சல் மாதிரி ஆடினால் சேவல். காலையில் பிடித்தாள், நாலும் பொட்டை. சாயங்காலம் பிடித்தாள், நாலும் சேவல்.

"இன்னாடி இது, காலையில ஒண்ணு சொல்ற, சாயங்காலம் ஒண்ணு சொல்ற?"

"நானா சொல்றேன்? மோதிரம் சொல்லுது. காலையில காத்து இல்ல, இப்ப அடிக்குதுல்ல?" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

கரீம் பாய்க்குப் போன் செய்தேன். "காலப் பாருமா. தடியா இர்ந்தா சேவல், மெல்லிசா இர்ந்தா பொட்ட. மூக்கு மேல ஒரு சதை தொங்கும் பாரு, அது நீட்டா இர்ந்தா சேவல், குட்டையா இர்ந்தா பொட்ட. அவ்ளோதான், சிம்பிள்."

தடி என்றால் எவ்வளவு தடி? நீட்டு என்றால் எவ்வளவு நீட்டு? "பாத்தா தெரியும்மா" என்றார். பார்த்துத் தெரிந்தால் நான் ஏன் போன் செய்கிறேன்?

கால்நடை டாக்டரையும் விடவில்லை. ஊருக்குள் மாட்டுக்கு ஊசி போட வந்தவரை வழியில் மடக்கினேன். அவர் நாலையும் எட்டத்திலிருந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் வுடுங்கம்மா. அதுவா தெரிஞ்சிடும்" என்றார்.

"ரெண்டு மாசம் இல்லீங்க சார், கிருத்திகைக்குள்ள தெரியணும்."

"கிருத்திகை உங்களுக்குத்தான். கோழிக்கு இல்லியே" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் பாய் சொன்ன மூக்குச் சதையைப் பிடித்துக்கொண்டேன். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக விரட்டிப் பிடித்து, கக்கத்தில் இடுக்கி, முகத்தைத் திருப்பி அந்தச் சதையைப் பார்ப்பேன். நாலில் ஒன்று, தொட்டாலே நடுங்கும். என் நிழலைப் பார்த்தாலே மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். அதற்கு மட்டும் சதை எப்போது பார்த்தாலும் சுருங்கிச் சின்ன மொட்டு மாதிரி இருந்தது. இது பொட்டை, சந்தேகமே இல்லை.

இன்னொன்று அதற்கு நேர்மாறு. வாலை விசிறிபோல விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, நெஞ்சைத் தூக்கி ஊர்வலம் வரும். இதைச் சேவல் இல்லை என்று யார் சொல்வார்கள்?

ஜோடி கிடைத்துவிட்டது. அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

குங்குமமும் மஞ்சளும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் துணியும் காவடியும் அரோகராவுமாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைப்படி வரை தலை தலையாக இருக்கும். சம்பந்தி வீட்டார் பூக்காவடி எடுத்து, சாமி பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சரோஜம்மாவின் கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

கிளம்பும்போது இரண்டு பறவைகளையும் கொண்டுவந்தேன். விசிறிக்காரனின் தலையில் குங்குமம் வைத்தேன். அது அந்த மரியாதையை எதிர்பார்த்ததுபோல நின்றது. பயந்தாங்கொள்ளியின் காலில் மஞ்சள் பூசினேன். என் புடவையெல்லாம் எச்சமாக்கியது.

"அய்யோ, எதுக்கு வதினா இதெல்லாம்?" என்றார் சரோஜம்மா.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "மொறைன்னு ஒண்ணு இர்க்குதுல்லீங்க" என்றேன். அவர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். பார்த்தாயா, அவர்களுக்கும் இது முக்கியம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பவித்ராதான் பேர் வைத்தாள். விசிறி ராஜா. பயந்தாங்கொள்ளி ராணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

போனில் பார்த்த முடி

ஐப்பசி மழை முடிந்தது. வீட்டில் மிச்சமிருந்த இரண்டும் சேவல் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிட்டது. கழுத்தில் சிவப்புச் சிவப்பாகச் சதை, நெஞ்சில் குதிரைவால் மாதிரி கறுப்பாக ஒரு முடிக்கொத்து. வாசலில் பஸ் ஹார்ன் அடித்தால் போதும், இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு கொளகொளவென்று பதில் கத்தும். பொட்டை அப்படிக் கத்தாது. டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் காலத்தில் உதவாத சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போதெல்லாம் பவித்ரா போனில் அதிகம் பேசுவதில்லை. "வேல இர்க்குதுமா" என்று வைத்துவிடுவாள். அன்றைக்கு என்னவோ வீடியோ காலில் வந்தாள். தறியில் ஓடுகிற புதுச் சேலையின் கரையைக் காட்டினாள். நான் கரையைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ராணி போய்க்கொண்டிருந்தாள். நெஞ்சில் கறுப்பாக ஒரு முடிக்கொத்து.

"பவி, அந்த ராணிய கொஞ்சம் கிட்டக்க காட்டு."

"எதுக்குமா?"

"காட்டேன்."

"கரண்ட் போவப்போவுது, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். 

ராணி சேவல். ராஜா ஏற்கெனவே சேவல். அப்படியென்றால் நான் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கொடுத்தனுப்பியது இரண்டு சேவல். முட்டை இல்லை, குஞ்சு இல்லை. ஜோடி தப்பிவிட்டது. பவி ஏன் சுருக்கமாகப் பேசுகிறாள் என்பது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அங்கே பேச்சு கிளம்பியிருக்கும். உன் அம்மா கொடுத்தது மாதிரிதான் நீயும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ரெண்டு சேவல்னா பாம்புக்கு டபுள் பயம்" என்றார். அந்த மனுஷனோடு எத்தனை வருஷம்!

மறுநாளே அரக்கோணம் போனேன். கரீம் பாயிடம் பிறகு பொரித்த குஞ்சுகள் ஓரளவு வளர்ந்திருந்தன. "பொட்ட ஒண்ணு வேணும் பாய். சந்தேகம் இல்லாத பொட்ட" என்றேன்.

ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். "இது பொட்டதான்மா. இல்லன்னா என் மீசைய எடுத்துக்கறேன்."

"உங்களுக்கு மீசையே இல்லியே பாய்."

தாடியைத் தடவிக்கொண்டார். "அதான் தைரியமா சொல்றேன்."

தறிச் சத்தத்தில்

கட்டைப் பையில் கழுத்து மட்டும் வெளியே தெரிய அதைக் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முறையாகக் கேட்டு, ஒரு சேவலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இந்தப் பொட்டையைக் கொடுத்துவிடவேண்டும். மஞ்சள் பொட்டலம்கூட மடியில் இருந்தது.

சொல்லாமல் போய் நின்றதும் சரோஜம்மா பதறிவிட்டார். "இன்னா வதினா, போன்கூட பண்ணாம? நைனாவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று பவித்ராவின் அப்பாவை விசாரித்தார்.

"அவருக்கு இன்னாங்க, நல்லா இர்க்காரு. கோயி விஷயமா வந்தேன்" என்று ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தப்பு நடந்துபோச்சிங்க. ரெண்டும் சேவலா குடுத்துட்டேன். தெரியாம நடந்தது. மனசுல வெச்சிக்காதீங்க. இதோ பொட்ட கொண்டாந்திருக்கேன்."

சரோஜம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

"ரெண்டும் சேவலா? இல்லியே வதினா. ராஜா முட்ட போடுதே!"

"ராஜாவா?"

"ஆங். நூல் மூட்டைக்குப் பின்னால போய் போட்டுக்கினு வருது. புள்ளி புள்ளியா, இம்மாம் பெருசு. மோகனுக்கு ஆம்லெட் போட்டுக் குடுத்தேன், நல்லா இர்க்குதுன்னு தின்னுச்சி."

ஆம்லெட்! முதல் முட்டையை! நான் அங்கேயே நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அதே நேரத்தில் ராஜா வாலை விரித்துக்கொண்டு என் எதிரில் ஊர்வலம் போனது. தலையில் குங்குமம் வைத்து அனுப்பினேனே, அதே தலை.

தறியை நிறுத்திவிட்டு மோகன் வந்தார். "வாங்க அத்த. பொட்டையிலயும் சிலது இப்படி வால விரிச்சிகினு சுத்தும். சேவல் ராணிதான்."

"அதுக்கு மூக்குச் சதை இத்துனூண்டுதானே தம்பி இர்ந்தது? தெனம் பாத்தேனே."

"புடிச்சிகினு பாத்திருப்பீங்க. பயந்தா அது சுருங்கிக்கும் அத்த. அது பாட்டுக்கு வுட்டுட்டா நீட்டா தொங்கும். அங்க பாருங்க."

வேலியோரம் ராணி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. மூக்கைத் தாண்டித் தாடை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது சிவப்புச் சதை. நான் எழுந்து கிட்டே போனேன். என்னைப் பார்த்ததும் அது சுருங்கிவிட்டது.

"அப்ப ஜோடி சரிதானா?" என்றேன். குங்குமமும் மஞ்சளும்தான் மாறிப்போயிருக்கிறது.

சரோஜம்மா சிரித்தார். "நான் ஜோடின்னா கேட்டேன் வதினா? பாம்புக்கு ரெண்டு வேணும்னேன். நீங்க மஞ்சள் குங்குமம்லாம் வெச்சிக் குடுத்ததும், சரி உங்க பக்கத்துல பெரிய மொறை போலருக்குது, குறை வெக்கக்கூடாதுன்னு செருப்பக் கயட்டி வாங்கிகினேன். கால் வீக்கத்துல நிக்கவே முடியல அன்னிக்கி."

அவர் வாங்கிய விதத்தைப் பார்த்து, அவர்களுக்கு முக்கியம் என்று நான் பயந்தேன். நான் கொடுத்த விதத்தைப் பார்த்து, எங்களுக்கு முக்கியம் என்று அவர் பயந்திருக்கிறார். இதற்காகவா மாதக்கணக்கில் கோழி எச்சத்தைக் கிளறினேன்?

பவித்ரா டீ கொண்டுவந்தாள். அவளைத் தனியாகக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்டி, முட்ட போட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் அங்க தூக்கம் இல்லாம கெடக்கறேன்."

"சொல்லியிருந்தா?"

"சந்தோஷப்பட்டிருப்பேன்."

"இல்லமா. 'கோயி முட்ட போட்ச்சி, உனக்கு எப்போ'ன்னு கேட்டிருப்ப. எனக்குத் தெரியாதா?"

மூடியிருந்த குழாயை நான் இன்னும் இறுக்கி மூடினேன்.

"இந்த வீட்ல ஒருத்தரும் கேக்கலமா. அத்த கேக்கல, அவரு கேக்கல. எதிர் வீட்டுக் கெழவிகூட கேக்கல. நீ ஒருத்திதான் போன எடுத்தா அதத்தான் கேக்கற. கேக்கலன்னாலும் வயித்தப் பாக்கற. நீ போன் பண்ணாலே எனக்கு..." என்றவள் நிறுத்திவிட்டு டம்ளரை என் கையில் வைத்தாள். "டீ ஆறிப்போவுது, குடி."

குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்

மூன்றாவதை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பண்ற அசிங்கத்தக் கயுவவே முடியல வதினா" என்று சரோஜம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பவித்ரா கூடவே வந்து ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தாள். பஸ் கிளம்பும்வரை நான் அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதற்கே கழுத்து வலித்தது.

பொதட்டூர்பேட்டை தாண்டியிருப்போம். எதிரில் கரும்பு லாரி. டிரைவர் ஹார்னை அழுத்திப் பிடித்தார். என் மடியிலிருந்த பை ஒரு உதறு உதறியது. கழுத்தை நீட்டியது. குரல் உடைகிற வயசுப் பிள்ளை பாட எழுந்ததுபோல, கீச்சும் கரகரப்புமாக "கொளகொளகொள" என்று ஹார்னுக்குப் பதில் சொன்னது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சந்தேகம் இல்லாத பொட்டை. மீசை இல்லாத மனுஷனிடம் மீசையைப் பந்தயம் வைத்து வாங்கி வந்தது.

கண்டக்டர் வந்தார். "இன்னாமா பையில? சேவலா, பொட்டையா?"

"எனக்கு இன்னாத்துக்குப்பா அது? டிக்கெட்டக் குடு" என்றேன்.

பிறகு பவித்ராவுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் அவள் குரல் சுருங்கித்தான் இருந்தது. கோழி கத்தியதைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். பாய் மீசையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவளால் பேசவே முடியவில்லை. "ஐயோ அம்மா" என்று அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"சரி, வெச்சிடறேன்" என்றேன்.

"அவ்ளோதானாமா?"

"அவ்ளோதான்."

வைத்துவிட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டு வைத்தேன் என்பது மடியிலிருந்த அந்தப் பிராணிக்குத்தான் தெரியும். அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறேன் அதை. கையை விட்டதும், வலித்ததோ என்னவோ, அது இன்னொரு முறை கத்தியது.